தீர்ப்பும் வாளும் ஒரே கையில்: ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையும் அதன் வாசகர்களும்

ஒரு நூலைத் திறனாய்வு செய்வோர் அதன் ஆசிரியரையும் அவர் எழுத்தையும் ஆராய்வர். அந்நூலைப் படித்தோர் அதனைப் பற்றி என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதை ஆராய்வோர் குறைவு. வெகுமக்கள் விரும்பிப் படிக்கும் நூல்களைப் பொறுத்தவரை இரண்டாவது ஆய்வே நமக்கு மிகுதியான பயன் தரும் என்று கருதுகிறோம். ஒரு தலைமுறையினர் எதனை நீதி என்று கொள்கின்றனர், எந்த மரணத்துக்கு வருந்துகின்றனர், எந்தக் கொலையைக் கண்டு நிம்மதி அடைகின்றனர் என்பவற்றை அவர்களுடைய விருப்பு வெறுப்புகளே காட்டித் தந்துவிடுகின்றன.

ஜப்பானியச் சித்திரக்கதையாகிய மங்கா இன்று உலகளாவிய வாசிப்புப் பொருளாகிவிட்டது. அரபுலகமும் அதற்கு விலக்கன்று. லெபனானில் அரபு மொழியாக்கம் பெற்ற கிரெண்டைசர் என்னும் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து ஒரு தலைமுறை அரபுச் சிறார்கள் வளர்ந்தனர். 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்பேஸ்டூன் தொலைக்காட்சி அடுத்த தலைமுறைக்கு இக்கதைகளைச் செம்மொழி அரபியிலேயே வழங்கியது. 2021ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் ‘மங்கா அரேபியா’ என்ற இதழ் முயற்சி தொடங்கப்பெற்றது. ஆதலின் மங்கா பற்றிப் பேசுவது நம் பண்பாட்டு உரையாடலுக்கு அப்பாற்பட்டதன்று. ‘சிறுபிள்ளைகளின் படக்கதை’ என்று ஒதுக்கிவிட்டு நகர்வது, நம் வீட்டுப் பிள்ளைகள் எதைப் படிக்கின்றனர் என்பதை அறியாமலிருப்பதற்கு நாமே தேடிக்கொள்ளும் சாக்கு என்றே சொல்ல வேண்டும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது ‘அகாமே கா கில்’ என்னும் மங்காவை. இதன் கதையை எழுதியவர் தகாஹிரோ. ஓவியங்களை வரைந்தவர் டெட்சுயா தஷிரோ. ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனத்தின் ‘கங்கன் ஜோக்கர்’ மாத இதழில் 2010இல் தொடங்கி 2016 இறுதிவரை தொடராக வெளிவந்து, 15 தொகுதிகளில் நிறைவுற்றது. 2014இல் வொயிட் ஃபாக்ஸ் நிறுவனம் இதனை 24 பகுதிகள் கொண்ட உயிரோவியத் தொடராக ஆக்கியது. தலைப்பிலுள்ள ‘கிரு’ என்ற ஜப்பானிய வினைச்சொல்லுக்கு ‘வெட்டுதல்’ என்பது பொருள். அதன் ஒலி ஆங்கிலத்தில் கொல்லுதலைக் குறிக்கும் சொல்லோடு ஒத்துப்போவதால் தலைப்பு இரட்டுற மொழிதலாக அமைந்துள்ளது. அகாமே என்னும் பெண் வெட்டுகிறாள், கொல்கிறாள்.

கதைச் சுருக்கம்

ஆயிரம் ஆண்டு பழைமையுடைய ஒரு பேரரசு. அரியணையில் இருப்பவன் சிறுவன். அவனைப் பொம்மையாக்கி நாட்டைச் சுரண்டுபவர் தலைமை அமைச்சர். வறுமையில் வாடும் தன் ஊரைக் காப்பாற்றப் பொருளீட்டும் நோக்கத்தோடு தாட்சுமி என்ற இளைஞன் தலைநகருக்கு வருகிறான். செல்வக் குடும்பம் ஒன்று அவனுக்கு அன்போடு அடைக்கலம் தருகிறது. ஓரிரவு ‘நைட் ரெய்ட்’ என்னும் கொலைக்குழு அவ்வீட்டின்மீது பாய்கிறது. தனக்கு உணவளித்தவர்களைக் காக்க முனையும் தாட்சுமிக்கு, அவ்வீட்டின் பின்புறக் கிடங்கு திறந்து காட்டப்படுகிறது. நாட்டுப்புறத்திலிருந்து வந்தவர்களைச் சித்திரவதை செய்து கொல்வதே அக்குடும்பத்தாரின் பொழுதுபோக்கு. கொல்லப்பட்டோரில் அவனுடைய தோழியும் இருக்கிறாள். தோழன் இறக்கும் தறுவாயில் கிடக்கிறான். தனக்கு அன்பு காட்டிய அவ்வீட்டுப் பெண்ணைத் தாட்சுமியே தன் வாளால் வெட்டி வீழ்த்துகிறான். பின்னர் அக்குழுவிலேயே சேர்கிறான்.

நைட் ரெய்ட் குழுவினர் புரட்சிப் படையின் மறைமுகப் பிரிவினர். அரசின் சார்பில் இவர்களை வேட்டையாட எஸ்டெத் என்னும் பெண் படைத்தலைவியின் கீழ் ‘யேகர்ஸ்’ என்ற குழு அமைக்கப்படுகிறது. இரு தரப்பாரின் கைகளிலும் ‘டெய்கு’ எனப்படும் மாயப் படைக்கலன்கள் உள்ளன. பேரரசின் முதல் மன்னன் ஆணைப்படி செய்யப்பட்டவை 48. டெய்கு உடைய இருவர் மோதினால் ஒருவராவது இறப்பது உறுதி என்பது கதையின் விதி. அகாமேயின் கையிலுள்ள முராசமே என்ற வாள் நஞ்சுடையது; ஒரு கீறல் பட்டாலே உயிர் போய்விடும்.

வாசகர் கருத்துகள்

இந்நூலைப் பாராட்டுவோர் முதலில் சொல்வது, இதில் எவருடைய உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்பதை. இளைஞருக்கான மங்காக்கள் பலவற்றில் கதைத்தலைவனும் அவன் தோழர்களும் எத்தனை அடி பட்டாலும் பிழைத்துக்கொள்வர். இங்கோ வாசகன் அன்பு பாராட்டத் தொடங்கிய மனிதர் அடுத்த இயலிலேயே பிணமாகிறார். ‘கொல்பவனும் கொல்லப்படுவான்’ என்பதைக் கதை ஒளிக்கவில்லை. கதையின் தொடக்கத்தில் தாட்சுமி, அவர்கள் நீதியின் பக்கம் நிற்போர் என்று மகிழ்ந்து பேசும்போது, குழுவினர் அனைவரும் சிரித்துவிடுகின்றனர். எப்பெயரிட்டு அழைத்தாலும் தாங்கள் செய்வது கொலைதான், அதற்குரிய கூலி எந்நேரமும் தங்களை வந்தடையலாம் என்று அவனுக்கு விளக்குகின்றனர். இக்கதையில் நேர்மை இருப்பதாக வாசகர் சொல்வது இத்தகைய இடங்களைக் கருதியே. அதனை நாமும் ஏற்கிறோம்.

மறுப்போர் சொல்வதும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரு பாத்திரத்தின் இளமைக்கால வரலாறு சொல்லப்பட்டால் அவருடைய இறுதி நெருங்கிவிட்டது என்று பொருள். இந்த முறை மீண்டும் மீண்டும் வருவதால் மரணம் அதிர்ச்சியைத் தருவதற்கு மாறாக எதிர்பார்க்கப்படும் சடங்காகிவிடுகிறது என்கின்றனர். சிரிப்பும் சித்திரவதையும் அடுத்தடுத்த பக்கங்களில் வருவதால் இரண்டுமே பொருளிழக்கின்றன என்பது இன்னொரு குறை. இதனைவிட வலுவான குறை, கொடியோர் அனைவரும் காரணமே இல்லாத கொடியோராக இருக்கின்றனர் என்பது. தலைமை அமைச்சருக்குப் பெருந்தீனியும் பேராசையும் உண்டேயன்றிச் சிந்தனை என ஒன்றில்லை. அவருக்குக் கீழுள்ளோர் பலரும் அவ்வாறே. இத்தகையோரைக் கொல்வதற்கு வாசகன் ஒரு கணமும் தயங்க வேண்டியதில்லை. அரக்கனைக் கொன்றவனிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை அல்லவா!

மங்காவின் முடிவும் உயிரோவியத் தொடரின் முடிவும் வேறுபடுவது இன்னொரு விவாதப் பொருள். மங்கா நிறைவுறுவதற்கு முன்பே தொடர் முடிக்கப்பட்டதால் அதற்கெனத் தனி முடிவு அமைக்கப்பட்டது. அதில் தாட்சுமியும் அவன் விரும்பிய மைன் என்பவளும் இறந்துவிடுகின்றனர். மங்காவில் தாட்சுமி மனித உருவை இழக்கிறான். ஆயினும் இருவரும் உயிர் பிழைத்து இணைந்து வாழ்கின்றனர். முதல் முடிவை விரும்புவோர், கொலையாளிக்குக் கூலி உண்டு என்ற கதையின் சொல் அங்கேதான் காப்பாற்றப்பட்டது என்கின்றனர். இரண்டாவதை விரும்புவோர், இத்தனை இழப்புக்குப் பின்னர் ஒரு வீட்டிலாவது விளக்கெரிய வேண்டாவா என்று கேட்கின்றனர். இரு முடிவுகளிலும் அகாமே புதிய ஆட்சியில் தங்காமல் வெளியேறிவிடுகிறாள் என்பதை இரு சாராரும் ஏனோ பெரிதாகப் பேசுவதில்லை. நம் நோக்கில் நூலின் ஆழமான செய்தி அதுவே. கொலையால் வந்த ஆட்சியில் கொலையாளிக்கு இடமில்லை என்பதை ஆசிரியர் உணர்ந்திருக்கிறார்.

வெறுக்கப்படுபவளும் விரும்பப்படுபவளும்

வாசகர் கருத்துகளுள் நம்மை நெடிது சிந்திக்க வைத்தது, எஸ்டெத், செர்யூ என்னும் இருவரைப் பற்றி அவர்கள் கொண்டுள்ள மனப்பான்மை. எஸ்டெத் வடபுலத்து இனத்தாரை வென்று 4 இலட்சம் பேரை உயிரோடு புதைத்தவள். வலியோர் வாழ்வர், மெலியோர் மடிவர் என்பதே அவள் கொள்கை. ஆயினும் இந்நூலில் மிகுதியாக விரும்பப்படும் பாத்திரங்களுள் அவள் ஒருத்தி. அவளுடைய ஆற்றலும், தாட்சுமியின்மீது அவள் கொண்ட காதலும், ஓவியன் அவளுக்குத் தந்த அழகும் அவளுடைய குருதிக் கறையை மறைத்துவிடுகின்றன. 4 இலட்சம் என்பது வாசகனுக்கு வெறும் எண். அந்த முகங்களுள் ஒன்றையும் அவன் பார்த்ததில்லை.

செர்யூவோ நகரக் காவற்படையைச் சேர்ந்த இளம்பெண். நீதியின்மீது அவளுக்கு உண்மையான பற்று உண்டு. அவளுடைய ஆசானாகிய காவல் தலைவன் கையூட்டு வாங்கிக்கொண்டு குற்றமற்றோரைத் தண்டித்தவன். அதனை அவள் அறியாள். அவனைக் கொன்றவர்கள் தீயோர் என்று நம்புகிறாள். தீயோர் அனைவரையும் அழித்தொழிப்பதே தன் கடமை என்று கொள்கிறாள். தன் உடலையே படைக்கலனாக மாற்றிக்கொள்கிறாள். நைட் ரெய்டைச் சேர்ந்த ஷீலே இவளால் இறக்கிறாள். வாசகர் பலர் எஸ்டெத்தைக் காட்டிலும் இவளையே மிகுதியாக வெறுக்கின்றனர்.

இந்த வெறுப்பில் ஒரு நல்லுணர்வு இருக்கிறது. கொடுமையைக் கொடுமை என்று சொல்லிச் செய்பவளைவிட, அதனை நீதி என்று சொல்லிச் செய்பவள் ஆபத்தானவள் என்பதை வாசகர் உணர்கின்றனர். ஆனால் அவ்வுணர்வை அவர்கள் இன்னும் ஓரடி முன்னெடுத்துச் சென்றிருக்கலாம். செர்யூவுக்கும் தாட்சுமிக்கும் உள்ள வேறுபாடு எது? இருவரும் தமக்கு நெருங்கியோரை இழந்தவர்கள். இருவரும் தீயோரைக் கொல்வது கடன் என்று நம்புகின்றனர். இருவரும் பிறர் தரும் செய்தியைக் கொண்டே தீயோர் யார் என்று அறிகின்றனர். தாட்சுமிக்குக் கிடைத்த செய்தி உண்மை. செர்யூவுக்குக் கிடைத்தது பொய். வேறுபாடு அவ்வளவே. அவ்வேறுபாட்டை ஏற்படுத்தியவர்கள் அவர்களல்லர், கதையாசிரியர்.

இந்நூல் ஒரு மாயக்கதை. டிராகன் கவசமும், மலையளவு இயந்திரமும், உறைய வைக்கும் பனியும் அதில் உண்டு. ஆயினும் அதிலுள்ள மாயங்களுள் மிகப் பெரியது இவற்றுள் எதுவுமன்று. நைட் ரெய்டுக்குக் கிடைக்கும் செய்தி தவறுவதே இல்லை என்பதுதான் அது. அவர்கள் யாரைக் கொல்லப் புறப்படுகின்றனரோ அவர் குற்றவாளியாகவே இருக்கிறார். கிடங்கைத் திறந்தால் சான்று உள்ளே இருக்கிறது. முதல் இரவில் வீழ்ந்த காவலர்களும் கூட அக்கொடுமையை அறிந்தே வாய்மூடியிருந்தவர்கள் என்று கதை நமக்கு உறுதி கூறிவிடுகிறது. இத்தகைய உறுதி மனிதருக்கு வாய்த்ததுண்டா? வரலாற்றைக் கேட்போம்.

மூன்று வாள்கள்

ஹிஜ்ரி 40ஆம் ஆண்டு, கி.பி. 661. கவாரிஜ்கள் மூவர் மக்காவில் கூடி, சமுதாயத்தின் பிளவுக்குக் காரணமானோர் என்று தாம் கருதிய மூவரை ஒரே நாளில் கொல்வதெனச் சூளுரைத்தனர். இப்னு முல்ஜம் என்பவன் நஞ்சு தோய்த்த வாளோடு கூஃபா பள்ளிவாசலில் காத்திருந்து கலீஃபா அலீ (ரலி) அவர்களைத் தாக்கினான், அவர்கள் ஷஹீதானார்கள். திமிஷ்கில் முஆவியா (ரலி) அவர்கள் காயத்தோடு தப்பினார்கள். எகிப்தின் ஃபுஸ்தாத்தில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் அன்று உடல்நலமின்றித் தொழுகைக்கு வரவில்லை. அவர்களுக்குப் பதிலாகத் தொழுவிக்க வந்த காரிஜா என்பவர் ஆளடையாளம் தெரியாமல் கொல்லப்பட்டார்.

மூன்று வாள்கள் உயர்ந்தன. ஒன்று அக்காலத்து மக்களுள் தலைசிறந்தவரைக் கொன்றது. ஒன்று குறி தவறியது. ஒன்று தொடர்பே இல்லாத ஒருவரின் உயிரைக் குடித்தது. வாளேந்திய மூவருள் எவருக்கும் தம் உறுதியில் ஐயமிருந்ததில்லை. இரவுத் தொழுகையாலும் குர்ஆன் ஓதுதலாலும் பெயர் பெற்றிருந்த கூட்டத்தார் அவர்கள். கதையில் நஞ்சு வாள் தீயோரை மட்டுமே தீண்டுகிறது. கூஃபாவில் அது தீண்டியது யாரை என்பதை நாம் அறிவோம்.

அடிபட்டுக் கிடந்த அலீ (ரலி) அவர்கள் தம்மைத் தாக்கியவனைப் பற்றி விட்டுச்சென்ற அறிவுரையும் இங்கு நினைக்கத்தக்கது. அவனுக்கு உணவளிக்க வேண்டும். தாம் பிழைத்தால் தாமே முடிவு செய்வதாகவும், இறந்துவிட்டால் ஓர் அடிக்கு ஓர் அடி மட்டுமே என்றும், உடலைச் சிதைக்கக் கூடாதென்றும் அவர்கள் கூறியதாக வரலாற்று நூல்கள் தெரிவிக்கின்றன. கொடியவன் துடிதுடித்துச் சாக வேண்டும் என்னும் வாசகனின் ஆவலைப் பக்கத்துக்குப் பக்கம் நிறைவு செய்யும் ஒரு நூலைப் படித்து முடித்த பின்னர் இந்த அறிவுரையை எண்ணிப் பார்ப்பது நலம்.

கொல்லாமல் விட்ட கை

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றை இமாம் தபரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். ஹிஜ்ரி 60, கி.பி. 680. இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் தூதராகக் கூஃபா வந்த முஸ்லிம் இப்னு அகீல், ஹானிஃ இப்னு உர்வா என்பவரின் இல்லத்தில் மறைந்திருந்தார். அவ்வீட்டில் நோயுற்றிருந்த ஒருவரை நலம் விசாரிக்க ஆளுநர் உபைதுல்லாஹ் இப்னு ஸியாத் வருவதாக இருந்தது. தண்ணீர் கேட்கும் ஓசையே குறிப்பு. அப்போது முஸ்லிம் வெளிப்பட்டு ஆளுநரைக் கொன்றுவிட வேண்டும் என்பது திட்டம். ஆளுநர் வந்தார், அமர்ந்தார். நோயாளி தண்ணீர் கேட்டார், மீண்டும் கேட்டார். முஸ்லிம் வெளியே வரவில்லை. ஆளுநர் உயிரோடு திரும்பினார்.

ஏன் வரவில்லை என்று பின்னர் வினவியபோது முஸ்லிம் இரண்டு காரணங்களைச் சொன்னதாகச் செய்தி. தம் வீட்டில் குருதி சிந்துவதை வீட்டார் விரும்பவில்லை என்பது ஒன்று. நம்பி வந்தவனை எதிர்பாராது தாக்கிக் கொல்வதை ஈமான் தடுக்கிறது என்ற கருத்தமைந்த நபிமொழி தம் நினைவுக்கு வந்தது என்பது மற்றொன்று. இத்தகைய கொலையை அரபியில் ‘ஃபத்க்’ என்பர். அந்த நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

அதன்பின் நடந்தது அனைவரும் அறிந்தது. முஸ்லிமும் ஹானிஃயும் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே கர்பலா நிகழ்ந்தது. அந்த ஆளுநரின் ஆணைக்குட்பட்ட படையே அங்கு நின்றது. ‘அகாமே கா கில்’ வாசகர் ஒருவரிடம் இந்நிகழ்ச்சியைச் சொன்னால் அவர் என்ன சொல்வார்? அந்த அறையில் அகாமே இருந்திருந்தால் கர்பலாவே நிகழ்ந்திராது என்பார். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. கொடுங்கோலன் ஒருவனைக் கொல்வதால் ஆயிரம் உயிர்கள் காக்கப்படுமானால் அக்கொலை தகாதா என்ற கேள்வியின் முழுக் கனமும் அந்த அறையில் இருக்கிறது.

நம் விடை இது. அன்று முஸ்லிம் கொன்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பது எவருக்கும் தெரியாது. அவனை அனுப்பிய ஆட்சி அப்படியே இருந்திருக்கும். வேறோர் ஆளுநர் வந்திருக்கலாம். அவர் அவனினும் கொடியவராகவும் இருந்திருக்கலாம். வருங்காலத்தை அறிந்தவன் போல் கொல்பவன், தனக்கில்லாத அறிவைத் தனக்குரியதாக்கிக்கொள்கிறான். முஸ்லிமுக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே: நோயாளியைப் பார்க்க வந்தவனைத் திரைமறைவிலிருந்து வெட்டுவது தாம் ஏற்றுக்கொண்ட மார்க்கத்தின் வழியன்று. அறிந்ததைக் கொண்டு அவர் செயல்பட்டார்; அறியாததை இறைவனிடம் விட்டார். பதினான்கு நூற்றாண்டுகளாக மக்கள் கண்ணீரோடு நினைவுகூர்வது அந்த ஆளுநரையல்ல. அவரைக் கொல்லாமல் விட்டவரை.

கற்றோர் இங்கு ஒரு வினா எழுப்பலாம். மதீனாவில் கஅப் இப்னு அஷ்ரஃப் கொல்லப்பட்ட நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் உள்ளதே என்பர். உடன்படிக்கையை முறித்துப் பகைவரோடு கூடிப் போர் மூட்டியவன்மீது, ஆட்சித் தலைமையின் ஆணைப்படி நடந்த போர்ச்செயல் அது என்றே விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். தனிமனிதர் தாமே வழக்குத் தொடுப்போராகவும், தாமே நீதிபதியாகவும், தாமே தண்டனையை நிறைவேற்றுவோராகவும் ஆவதற்கு அதனை அவர்கள் ஆதாரமாக்கவில்லை.

சட்டத்தின் பார்வை

ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுவோர் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் பேசும் முறை வியப்பூட்டக்கூடியது. இமாம் மாவர்தீ (ஹிஜ்ரி 450இல் மறைவு) முதலானோர் கிளர்ச்சியாளரைக் கொள்ளையரிடமிருந்து பிரித்துக் காட்டினர். ஏற்கத்தக்கதோ அன்றோ, ஒரு விளக்கத்தின் அடிப்படையில் எழுந்தோர் ‘புகாத்’ எனப்பட்டனர். போருக்கு முன் அவர்களின் குறையைக் கேட்க வேண்டும். புறமுதுகிட்டோரைத் துரத்தக் கூடாது. காயமுற்றோரைக் கொல்லக் கூடாது. அவர்கள் உடைமை கனீமத் ஆகாது. ஹிஜ்ரி 36இல் ஜமல் போரில் அலீ (ரலி) அவர்கள் கைக்கொண்ட நெறியே இதற்கு முன்மாதிரி. இச்சட்டப் பகுதியை விரிவாக ஆராய்ந்து காலித் அபூ அல்ஃபழ்ல் 2001இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதியுள்ளார்.

இம்முறைக்கு ஓர் அடிப்படை உண்டு. இரு தரப்பிலும் உண்மையும் இருக்கலாம், பிழையும் இருக்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. வெளிப்படையாக எதிர்த்து நிற்பவனுக்கு அது உரிமைகளைத் தருகிறது. மறைந்திருந்து கொல்பவனை மட்டும் வேறாகப் பார்க்கிறது. வஞ்சித்துக் கொல்லுதலை ‘கீலா’ என்பர். அத்தகைய கொலையைச் செய்தவனைக் கொல்லப்பட்டவரின் உறவினர் மன்னித்தாலும் விட்டுவிட இயலாது என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து. அது தனிமனித உரிமையைக் கடந்து பொதுமக்களின் அச்சமின்மையைக் குலைக்கும் குற்றமாகிவிடுகிறது.

அரபு இலக்கியத்தில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டோரைப் பற்றித் தனி நூல்களே உண்டு. முஹம்மத் இப்னு ஹபீப் (ஹிஜ்ரி 245இல் மறைவு) இவ்வாறு கொல்லப்பட்ட பெருமக்களின் பெயர்களைத் தொகுத்து ஒரு நூல் யாத்தார். அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ, அபூதாலிபின் வழித்தோன்றல்களுள் கொல்லப்பட்டோர் வரலாற்றை எழுதினார். இவை கொல்லப்பட்டோரின் பெயரால் அமைந்த நூல்கள். கொன்றவனின் பெயரால் நூல் அமைப்பது நம் மரபன்று. ‘அகாமே வெட்டுகிறாள்’ என்ற தலைப்பையும் அந்நூல்களின் தலைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டு நோக்குகளின் வேறுபாடு விளங்கும்.

கொலைக்குழுவைச் சுட்ட ஐரோப்பிய மொழிகள் வழங்கும் ‘அசாசின்’ என்ற சொல்லும் அரபியிலிருந்து சென்றதே. 1090இல் ஹஸன் இப்னு ஸப்பாஹ் அலமூத் கோட்டையைக் கைப்பற்றியதிலிருந்து 1256இல் மங்கோலியர் அதனை வீழ்த்தியது வரை அங்கிருந்த நிஸாரி இஸ்மாயீலியரைக் குறித்து அச்சொல் எழுந்தது. 1092இல் அமைச்சர் நிழாமுல் முல்க் கொல்லப்பட்டார். சுல்தான் ஸலாஹுத்தீன்மீது இருமுறை தாக்குதல் நடந்தது. போதை தரும் தோட்டம் பற்றிய கதைகள் பிற்காலக் கற்பனை என்பதை ஃபர்ஹாத் தஃப்தரி 1994இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியுள்ளார். அக்கற்பனையே 1938இல் விளாதிமிர் பார்த்தோலின் புதினமாகி, அப்புதினத்தின் தாக்கத்தால் 2007இல் ‘அசாசின்ஸ் க்ரீட்’ என்னும் கணினி விளையாட்டாகியது. நம் வரலாற்றின் ஒரு கசப்பான பக்கம் இவ்வாறு உலக இளைஞருக்குக் கவர்ச்சிப் பொருளாகித் திரும்பி வந்திருக்கிறது.

முன்கதை சொல்லும் உண்மை

இவ்வளவும் சொன்ன பின்னர், ஆசிரியருக்கு நாம் நீதி செய்ய வேண்டும். ‘அகாமே கா கில் ஸீரோ’ என்ற முன்கதை நூலில் அகாமேயின் இளமை சொல்லப்படுகிறது. அவளும் தங்கை குரோமேயும் விற்கப்பட்ட குழந்தைகள். பேரரசு அவர்களைக் கொலையாளிகளாக வளர்க்கிறது. நாட்டின் அமைதியைக் கெடுப்போரைக் கொல்கிறோம், மக்களைக் காக்கிறோம் என்று நம்பி அகாமே கொன்றவர்கள் அதே பேரரசின் கொடுமைக்கு எதிராக எழுந்தோர். அவள் உறுதியோடு இருந்தாள். அவளுக்குத் தரப்பட்ட செய்தி பொய்யாக இருந்தது. முதன்மை நூலில் இல்லாத ஐயம் முன்கதையில் இருக்கிறது. அதைப் படித்தவர்களே அகாமேயின் மௌனத்துக்குப் பொருள் அறிவர்.

முதன்மை நூலிலும் இருவர் நம் கவனத்துக்குரியோர். ஒருவர் போல்ஸ். அரசின் ஆணைப்படி ஊர்களை எரித்தவர். வீட்டில் அன்பான கணவர், தந்தை. தமக்குக் கூலி உண்டு என்பதை அவர் அறிவார். நைட் ரெய்ட் அவரைக் கொல்கிறது. அவர் மறைந்த பின் மனைவியும் மகளும் அதே அரசின் கொடியோர் கையில் அழிகின்றனர். அவரைக் கொன்ற வாளுக்கு அவர்களைக் காக்கும் வழி தெரியாது. மற்றொருவர் ரன். அவர் ஓர் ஆசிரியர். தம் மாணவர்கள் கொலையுண்டு, அக்குற்றம் மூடி மறைக்கப்பட்டதைக் கண்டவர். உள்ளிருந்தே ஆட்சியைத் திருத்தலாம் என்று எண்ணி அரசின் குழுவில் சேர்ந்தவர். அவருடைய வழி வெல்லவில்லை. ஆயினும் வாள் தவிர வேறு வழியுண்டா என்று ஒருவரேனும் கேட்டார் என்பதற்காக அவரை நாம் மதிக்கிறோம். வாசகரிடையே அவரைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு என்பது வருத்தத்திற்குரியது.

நம் நிலை

இந்நூலை இளைஞர் கையில் கொடுக்கலாமா என்ற வினாவுக்கு விடை கூற வேண்டும். ஆபாசச் சாயலும் அளவு கடந்த வன்முறையும் உடைய நூல் இது, சிறார்க்கு ஏற்றதன்று. வளர்ந்தவர்களைப் பொறுத்தவரை, தடை விதிப்பதால் பயனில்லை என்பதே நம் கருத்து. படைப்போர், கிஸ்ஸா முதலிய இலக்கிய வகைகளில் மாயப் போர்களையும் வீரச் செயல்களையும் பாடிக் கேட்டு மகிழ்ந்த சமுதாயம் நம்முடையது. கற்பனையைக் கண்டு அஞ்சுவது நம் முன்னோர் வழக்கமன்று. படிப்போருடன் உடனமர்ந்து கேள்வி கேட்பதே ஆசிரியர், பெற்றோர் கடமை.

கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே: கிடங்கைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமில்லாதிருந்தால் என்ன செய்திருப்பாய்?

இது கற்பனைக் கேள்வியன்று. 2019 ஏப்ரல் 21 அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றவர்களுள் நம் மொழி பேசியோர் இருந்தனர். அவர்கள் இத்தகைய கதைகளைப் படித்துக் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை, அதற்குச் சான்றில்லை. ஆனால் தீர்ப்பையும் வாளையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, ஐயமே இல்லாமல் புறப்பட்டவர்கள் அவர்கள். வழிபாட்டுக்கு வந்திருந்த குழந்தைகள் என்ன குற்றம் செய்தனர் என்று அவர்களுள் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்னு முல்ஜமின் உறுதிக்கும் அவர்களின் உறுதிக்கும் நம்மால் வேறுபாடு காண இயலவில்லை.

கொடுமையைக் கண்டு கொதிக்கும் இளைஞனின் நெஞ்சு போற்றத்தக்கது. தாட்சுமியின்மீது வாசகர் கொள்ளும் பரிவு அந்நெஞ்சிலிருந்து பிறக்கிறது. அதனை அணைத்துவிட நாம் விரும்பவில்லை. அக்கொதிப்போடு சேர்த்து, தான் தவறியிருக்கலாம் என்னும் அச்சத்தையும் அவனுக்குக் கற்பிக்க வேண்டும். கூஃபாவின் அந்த வீட்டில் தண்ணீர் கேட்கும் ஓசை இருமுறை எழுந்தும் அசையாதிருந்த மனிதரின் கதையை, அகாமேயின் கதையைப் படித்த ஒவ்வோர் இளைஞனும் அறிந்திருக்கட்டும். இரண்டையும் அறிந்த பின் அவன் எப்பக்கம் சாய்கிறான் என்பதை அவனிடமே விட்டுவிடலாம்.